சிசேரியனுக்கு அப்புறம் பாட்டு கேட்டால் வலி குறையுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். மூத்தவன் சிசேரியன். இதுவும் சிசேரியன்தான் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். போன தடவை வலி வந்து வெகுநேரம் கழித்து, பாதி ராத்திரியில், பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று அவசரமாகத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பயப்படக்கூட நேரமில்லை. இந்த முறை நாள் நட்சத்திரம் எல்லாம் பார்த்து முடிவாகிவிட்டதால் உட்கார்ந்து பயப்பட நேரம் ஏராளமாக இருக்கிறது.

ஆபரேஷன்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் மறக்க மாட்டேன் என்கிறது. முதுகில் போட்ட ஊசியின் மரப்பு இறங்கும்போது உடம்பு முழுக்க நடுங்கியது, பல் கிட்டிக்கொண்டது. எனக்கு என்னவோ ஆகிறது என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் நிறையப் பேருக்கு அப்படித்தான் வருமாம், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரூமுக்கு மாற்றியதும் டிவி சத்தம், பிள்ளை பார்க்க வந்தவர்களின் பேச்சு, ஆளுக்கொரு போன். மறுநாள் கட்டிலை விட்டு இறங்கச் சொன்னபோது, இருமல் வந்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டே நின்றேன்.

இப்போது என் நாத்தனார் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறாள். நீலாம்பரி ராகம் கேட்டால் சிசேரியன் வலிக்கு மாத்திரையே தேவைப்படாதாம். அம்மா அதை நம்பி என் போனில் பாட்டு ஏற்ற ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்கு இரண்டு பேர் பக்கமும் சாயத் தோன்றவில்லை. உண்மையிலேயே பாட்டு கேட்பதில் ஏதாவது பலன் இருக்கிறதா? இருந்தால் எந்தப் பாட்டு, எப்போது கேட்பது? தியேட்டருக்குள் விடுவார்களா? பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது காதில் மாட்டிக்கொள்ளலாமா? பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பனியன்ஊர்க்காரி பதில்:

என் அனுபவம் நேர் எதிர், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆபரேஷன் முடிந்த அன்று பாட்டு ஒரே எரிச்சல். மாமியார் நல்ல எண்ணத்தில்தான் தலைமாட்டில் போனை வைத்து சாமி பாட்டு போட்டுவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, சாமி பாட்டாயிற்றே! வயிற்றில் வாயு வேறு முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் ஜால்ரா சத்தம். கடைசியில் சிஸ்டர் வந்து, “பேஷண்ட் தூங்கட்டும்மா” என்று சொன்ன பிறகுதான் நின்றது.

வீட்டுக்கு வந்தபின் பாட்டு பிடித்தது, அது வேறு. ஆஸ்பத்திரியில் எனக்கு வேண்டியிருந்தது அமைதிதான். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் பாட்டு கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

---

வார்டுசிஸ்டர் பதில்:

தங்கச்சி, நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பல வருடமாகப் பிரசவம் முடிந்தவர்கள் வார்டில்தான் டியூட்டி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை வார்டில் யாரும் கேட்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64. இத்தனை பேர் வயிற்றில் தையலோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த முதல் இரண்டு மூன்று நாளை எப்படிக் கடப்பது என்று உட்கார்ந்து பேச எங்களுக்கும் நேரமில்லை, டாக்டருக்கும் நேரமில்லை.

முதலில் நேரடியான பதில். பாட்டு உதவும். ஆனால் உன் நாத்தனார் அனுப்பிய அளவுக்கு உதவாது.

ஆராய்ச்சி நிறையவே நடந்திருக்கிறது. 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. எல்லா விதமான ஆபரேஷன்களையும் சேர்த்து 70-க்கும் மேற்பட்ட ஆய்வுகள், ஏறக்குறைய 7,000 நோயாளிகள். பாட்டு கேட்டவர்களுக்கு வலி, பதற்றம், வலி மருந்தின் தேவை எல்லாமே குறைந்திருந்தது. ஆனால் அதனால் யாரும் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. சிசேரியனை மட்டும் எடுத்துக்கொண்டால், ஈரானில் 80 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. ஆபரேஷன் முடிந்ததும் அவரவருக்குப் பிடித்த பாட்டை அரை மணி நேரம் ஹெட்போனில் கேட்க வைத்தார்கள். வலியும் குறைந்தது, போட வேண்டியிருந்த வலி ஊசியின் அளவும் குறைந்தது. பதற்றத்தில் வித்தியாசமே இல்லை. தைவானில் 2005-ல் வந்த ஆய்வில் ஆபரேஷன் நடக்கும்போதே பாட்டு போட்டார்கள். அங்கே பதற்றம் குறைந்தது, நாடித் துடிப்பு மாதிரி உடம்பில் அளக்கும் கணக்குகளில் மாற்றம் இல்லை. ஆக, ஒரே மாதிரி ஆபரேஷன், ஒரு இடத்தில் வலிக்கு உதவியது, இன்னோர் இடத்தில் மனசுக்கு உதவியது. யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்.

எவ்வளவு குறையும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2006-ல் வெளியிட்ட தொகுப்பில், ஆபரேஷன் ஆனவர்களுக்கு, 0 முதல் 10 வரையிலான வலி அளவில் சராசரியாக அரைப் புள்ளி குறைந்தது. ஆறாக இருக்கிற வலி ஐந்தரை ஆகும், அவ்வளவுதான். காகிதத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த அரையும் வேண்டும்.

எங்கள் வார்டுக்கு எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் ஆய்வுக்கு வருவார்கள். சிசேரியன் ஆன தாய்மார்களுக்குப் பாட்டு என்பது அவர்களுக்குப் பழகிய தலைப்பு. ஒரு கையில் ஹெட்போன், இன்னொரு கையில் 0 முதல் 10 வரை கோடு போட்ட அட்டை. ஒரு தடவை ஒரு மாணவி, ஆபரேஷன் ஆன மறுநாள், ஓர் அம்மாவிடம் கேட்டுவிட்டு அட்டையை நீட்டினாள். அந்த அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை. “பாட்டும் நல்லா இருக்கு, வலியும் நல்லா இருக்கு, இதுல எங்க விரல வைக்க?” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து முழிக்கிறாள். ஆனால் நான் கவனித்தது வேறு. ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னால் அந்த அம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார், விரல் மூட்டு வெளுக்க. பாட்டு பாதி ஓடும்போது அந்தக் கை போர்வை மேல் கிடந்தது. தோள் இறங்கியிருந்தது. மூச்சு வயிறு வரை போய் வந்தது. அதை அளக்க அந்த அட்டையில் கோடு இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், வலி தையலில் மட்டும் இருப்பதில்லை. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன ஒரு விளக்கத்தை நர்சிங் படிக்கும்போது எல்லோரும் படித்திருப்போம். தண்டுவடத்தில் ஒரு கதவு போல ஏற்பாடு இருக்கிறது, மூளையும் மனசும் அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் முடியும் என்பது சுருக்கம். பயந்தால் உடம்பு இறுகும், வயிற்றுத் தசை இறுகினால் தையலை இழுக்கும், இழுத்தால் வலிக்கும், வலித்தால் இன்னும் பயம். பாட்டு இந்தச் சுற்றில் எங்கேயாவது ஓர் இடத்தில் கையை நுழைக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாள் முழுக்கப் பாட்டு ஓடவிடாதே. அப்படி ஓடினால் அதுவும் வார்டு சத்தத்தில் ஒன்றாகிவிடும். பாட்டைச் சில குறிப்பிட்ட நேரத்துக்கு என்று எடுத்து வை. எனக்குத் தெரிந்து அப்படி மூன்று நான்கு நேரம் இருக்கிறது.

ஒன்று, தியேட்டருக்கு வெளியே காத்திருக்கும் நேரம். பச்சை கவுன் மாட்டி, யூரின் டியூப் போட்டு, “இதோ கூப்பிடுவாங்க” என்று உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே அவசர கேஸ் வந்தால் உன்னுடையது தள்ளிப்போகும். தேதி குறித்த சிசேரியனில் பயம் உச்சத்தில் இருப்பது இந்த நேரத்தில்தான்.

அடுத்தது, ஊசி மரப்பு இறங்கும் நேரம். கால் விரல் அசைய ஆரம்பிக்கும், கூடவே நடுக்கமும் வரலாம். உனக்குப் போன தடவை வந்ததே அதுதான். தியேட்டர் குளிர், ஊசியின் தன்மை எல்லாம் சேர்ந்து வருவது. போர்வை கேள், கூச்சப்படாதே. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மரப்பு முழுதாக இறங்கி வலி ஏறும்வரை காத்திருந்து அப்புறம் ஊசி கேட்பவர்கள்தான் அதிகம். ஏறிய வலியை இறக்குவது கஷ்டம். லேசாகத் தெரியும்போதே சிஸ்டரிடம் சொல். டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று டாக்டர் எழுதிய மருந்தை மணி தவறாமல் வாங்கிக்கொள். பால் கொடுக்கிறோமே, மாத்திரை வேண்டாமே என்று பல்லைக் கடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பால் கொடுக்கும் தாய்க்கு என்று பார்த்துத்தான் எழுதுகிறார்கள். சந்தேகம் இருந்தால் கேள், நீயாக நிறுத்தாதே. பாட்டு மாத்திரைக்கு மேல், மாத்திரைக்குப் பதில் இல்லை.

அப்புறம் முதல் முறை எழுந்து நடப்பது. இதற்கு நான் சொல்லித் தருகிற முறை: மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆகட்டும். உனக்கு மனப்பாடமான, நிதானமான ஒரு பாட்டைப் போடு. பல்லவி முடியும்வரை அசையாமல் படுத்து மூச்சை மட்டும் கவனி. முதல் சரணத்தில் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படு. இடை இசையில் காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார். நேராக மல்லாக்கப் படுத்தபடி எழ முயலாதே, அதுதான் தையலை இழுப்பது. இரண்டாவது சரணம் முழுக்க விளிம்பில் உட்கார்ந்திரு, தலை சுற்றுகிறதா என்று பார். வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பல்லவிக்கு ஒரு ஆளைப் பிடித்தபடி எழுந்து நில். இருமல் வந்தால் அதே தலையணையை அழுத்திப் பிடித்து இருமு. தையல் பிரியாது. அவசரப்படுத்த ஆள் நின்றால் பயம் வரும், பாட்டு அவசரப்படுத்தாது. நம் சினிமா பாட்டு நாலு ஐந்து நிமிடம் இருக்கிறது, இதற்குச் சரியான அளவு.

கடைசியாகப் பால் கொடுக்கும் நேரம். உனக்கு இது இரண்டாவது பிள்ளை என்பதால் முன்கூட்டிச் சொல்கிறேன். பிள்ளை வாய் வைத்துச் சப்பும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், அது கர்ப்பப்பையைச் சுருக்கும், அடிவயிற்றில் பிசைகிற மாதிரி வலிக்கும். முதல் பிரசவத்தைவிட இரண்டாவதில் இது கூடுதலாகவே தெரியும். தையல் வலி என்று நினைத்துப் பயந்துவிடாதே, அது நல்லதற்கு வரும் வலி. பதற்றமாக இருந்தால் பால் இறங்கவும் நேரமாகும். இந்த நேரத்துக்கு மெல்லிசாக ஏதாவது ஓடினால் நல்லது. ஆனால் காதில் மாட்டாதே. பிள்ளை உறிஞ்சி விழுங்குகிற சத்தம் உனக்குக் கேட்க வேண்டும்.

என்ன பாட்டு என்றால் உன் இஷ்டம்தான். ஆய்வுகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளம் வருகிற நிதானமான இசையைத்தான் எடுக்கிறார்கள். அது சாதாரணமாக ஓய்வில் இருக்கும்போது அடிக்கும் நாடி அளவு. ஆனால் லான்செட் தொகுப்பில் என்ன பாட்டு என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. எண்பதுகளின் மெலடியோ, நாகூர் பாட்டோ, மாதா பாட்டோ, எதுவானாலும் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை, வடிவேலு காமெடி மட்டும் வேண்டாம். சிரித்தால் உயிர் போகும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பாட்டு போட்டுச் சமாளிக்கக் கூடாதவையும் உண்டு. நாளாக ஆக வலி குறைய வேண்டும், ஏறிக்கொண்டே போனால் சொல். காய்ச்சல், தையலில் சீழ் அல்லது கெட்ட வாடை, நாப்கின் நனைந்து நனைந்து மாற்ற வேண்டிய அளவு ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்காலில் வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து படுத்தால் குறைகிற தலைவலி முதுகு ஊசியால் வருவது, அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. மூன்றாம் நாள் நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் போ, பாட்டை மாற்றிக்கொண்டிருக்காதே.

பனியன்ஊர்க்காரி சொன்னதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அடுத்தவர் தேர்ந்தெடுத்து ஸ்பீக்கரில் போடுகிற பாட்டு சிகிச்சை இல்லை, சத்தம். மருத்துவமனை வார்டில் ராத்திரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் வார்டில் மின்விசிறி மட்டுமே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கூட இருப்பவர்களின் ரீல்ஸ்.

---

வீணைமாமி பதில்:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் மருத்துவத்தில் எனக்கு எதுவும் தெரியாது. ராகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஸ்ரீரங்கத்தில் இத்தனை காலம் சொல்லிக்கொடுக்கிறேனே.

நீலாம்பரி தூக்கத்துக்கான ராகம் என்பது நம் வழக்கம். தாலாட்டு நிறைய அதில் இருக்கிறது. நவரோஜிலும் குறிஞ்சியிலும்கூடத் தாலாட்டு உண்டு, ஆனந்தபைரவியிலும் உண்டு. காதுக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் சர்க்கரைக்கு ஒரு ராகம், மூட்டு வலிக்கு ஒரு ராகம் என்று அட்டவணையே சுற்றுகிறது. யார் போட்டது என்று கேட்டால் பதில் கிடையாது.

கர்நாடக சங்கீதம்தான் கேட்கப் போகிறாய் என்றால், முழுக் கச்சேரி பதிவை ஏற்றிக்கொள்ளாதே. நீ கண் அசரும் நேரம் பார்த்துத் தனி ஆவர்த்தனம் வரும்! மிருதங்கமும் கடமும் மோதிக்கொள்ளும்போது வயிற்றில் தையலோடு இருப்பவள் என்ன ஆவாள்? வெறும் ஆலாபனையாக, வீணையோ புல்லாங்குழலோ, தாளம் இல்லாமல் எடுத்துக்கொள். கீழ் ஸ்தாயியில் வாசிக்கும் வீணை எனக்குப் பிடித்தது. பழகாத காது என்றால் அதுவும் வேண்டாம், பழகின சினிமா பாட்டே போதும். பிடிக்காத நீலாம்பரியைவிடப் பிடித்த டப்பாங்குத்து மேல் என்று சொன்னால் என் சிஷ்யைகள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

முடிந்தால் நீயே வாய்க்குள் முனகு. வார்த்தை வேண்டாம், சுருதியும் வேண்டாம். முனகினால் மூச்சு தானாக நீளும். பிறந்த குழந்தைக்கு அம்மா குரல் வயிற்றிலிருந்தே பழக்கம், அதுவும் கேட்டுக்கொண்டிருக்கும்.

---

தேம்ஸ்கரையான் பதில்:

தியேட்டருக்குள் விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் யாழ்ப்பாணத்தான், இப்ப லண்டனில். இங்கே எங்கள் மகள் பிறந்தபோது மனுசிக்கும் சத்திரசிகிச்சைதான். போவதற்கு முன்னமே மருத்துவிச்சி வந்து, “உங்களுக்கு ஏதும் பாட்டுப் போட விருப்பமோ” என்று கேட்டா. எங்களுக்கு முதலில் பகிடி மாதிரி இருந்தது. பிறகுதான் தெரியும், இங்கே மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு 2021-ல் கொண்டுவந்த வழிகாட்டலிலேயே தியேட்டரில் பாட்டு ஒலிப்பது போன்ற தாயின் விருப்பங்களை முடிந்தவரை நிறைவேற்றுங்கள் என்று எழுதி வைத்திருக்கினம்.

மனுசி ஆறு பாட்டு எழுதிக் கொடுத்தா. தலைமாட்டில் என்னை இருத்தி, சின்ன ஸ்பீக்கரில் போட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் உபகரணச் சத்தம், உறிஞ்சுகிற இயந்திரச் சத்தம் எல்லாம் கேட்கும், பாட்டு இருந்தால் அது கொஞ்சம் பின்னுக்குப் போகும். மகள் அழுத நேரம் என்ன பாட்டு ஓடியது என்று எனக்கு வடிவாக நினைவிருக்கிறது. மனுசியைக் கேட்டால், “பாட்டுப் போட்டவையே?” என்கிறா. ஆக, பாட்டால் அமைதியானது நான்தான் போல. அதுவும் ஒரு பயன்தான், ஏனெண்டால் நான் மயங்கி விழுந்திருந்தால் அவைக்கு இன்னொரு வேலை.

உங்கள் ஊரில் கணவனை உள்ளே விடுவார்களோ தெரியாது. கேட்டுப் பாருங்கோ, கேட்பதில் ஒன்றும் குறைந்து போகாது.

---

வைகைக்கரை மீண்டும்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர் அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். காமெடி வேண்டாம் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் மறுபடியும் சிரித்தார், அம்மா மட்டும், “அந்த சிஸ்டர் சொல்வதுதான் சரி” என்று மாத்திரை பக்கம் சாய்ந்துவிட்டார். மாமிக்கும் நன்றி, எனக்குக் கச்சேரி கேட்டுப் பழக்கமில்லை, அதனால் பழகின பாட்டே எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று செக்கப் போனபோது தைரியமாகக் கேட்டுவிட்டேன். டாக்டர், “மயக்க டாக்டர் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார். வீட்டுக்காரரை உள்ளே விட மாட்டார்களாம். இன்னும் இரண்டு சந்தேகம். உள்ளே இயர்போன் மாட்டினால் டாக்டர் பேசுவது கேட்காதே? அம்மா ஸ்பீக்கரில் போடாமல் இருக்க அவர் மனம் கோணாமல் என்ன சொல்வது?

---

வார்டுசிஸ்டர் பதில்:

கேட்டாயே, அதுவே பெரிய விஷயம். மயக்க டாக்டரைப் பார்க்கும்போது நேரடியாக அவரிடமே பேசிவிடு, தலைமாட்டில் ஆபரேஷன் முழுக்க உன்னோடு இருக்கப் போகிறவர் அவர்தான். ஒரு காதில் மட்டும் மாட்டு, சத்தம் குறைவாக. “மூச்சு விட சிரமமா? வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதா?” என்று அவர் கேட்கும்போது உனக்குக் கேட்க வேண்டும், பிள்ளை அழுவதும் கேட்க வேண்டும். வளையல், செயின் எல்லாம் கழற்றச் சொல்வது போல, இயர்போன் உள்ளே கொண்டுவரலாமா, எந்த வகை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் வாதாடாதே, வெளியே காத்திருக்கும்போது கேட்டுக்கொள். அப்படியே, பாட்டை இறக்கி வைத்து, போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கொண்டுபோ. ஆப்பில் நேரடியாகக் கேட்டால் நடுவில் விளம்பரம் வந்து கத்தும். யாராவது, “என்னாச்சு, பொறந்துருச்சா?” என்று போன் வேறு பண்ணுவார்கள்.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்துவிடு. மாத்திரை மணியை ஒரு தாளில் எழுதி, எப்போது கொடுத்தார்கள், அடுத்தது எப்போது என்று குறித்துவைக்கும் பொறுப்பு அவருடையது. அதைப் பார்ப்பவருக்குப் பாட்டு போட நேரம் இருக்காது. சாமி பாட்டு போட ஆசைப்பட்டால் அவர் காதில் அவர் கேட்கட்டும். பிள்ளை தூங்கும் தொட்டில் பக்கத்தில் போனை வைக்க வேண்டாம் என்பதை மட்டும் நான் சொன்னதாகச் சொல், சிஸ்டர் சொன்னால் கேட்பார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பைக்குள் ஒரு பவர் பேங்க் வை. ரூமில் பிளக் எப்போதும் கட்டிலுக்கு எட்டாத மூலையில்தான் இருக்கும், சார்ஜ் போட நீ குனிந்து எழக் கூடாது.